மேடையில் காடு எழுப்புவது எப்படி? முதல் முறை செட் போடுகிறவர்களுக்கு

பள்ளி ஆண்டு விழாவில் மாயாஜாலக் கதை ஒன்றை இசை நாடகமாகப் போடுவது என்று முடிவாகிவிட்டால், டெல்டா பக்கம் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். கதையில் காடு வருகிறதா? நாலு வாழை மரத்தை வெட்டி வா, பத்துத் தென்னை மட்டையைக் கொண்டுவந்து தூணில் கட்டு. மேடை பச்சைப் பசேலென்று ஆகிவிடும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது கல்யாணப் பந்தலாகத்தான் தெரியும். வாழையும் தென்னையும் நம் ஊரில் வாசலையும் மண்டபத்தையும் நினைவுபடுத்துகிற மரங்கள். அதைவிடப் பெரிய காரணம், அவற்றை மேடையின் முகப்பில் வரிசையாகக் கட்டிவிடுகிறோம்.

காட்டுக்குள் நிற்கும்போது யாரும் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் கருத்துத் தடித்த ஓர் அடிமரம். அதற்குப் பின்னால் பாதி மறைந்த இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, அதில் கொஞ்சம் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒன்றை ஒன்று மறைப்பதும், நடுவே விடும் இடைவெளியும்தான் காட்டைக் காடாக்குகின்றன. மேடையில் நாம் கட்ட வேண்டியதும் இவற்றைத்தான். இது பிடிபட்டுவிட்டால் ஆறு மரத்தை வைத்தே அடர்ந்த காட்டைக் காட்டலாம். பிடிபடாவிட்டால் ஒரு லாரி நிறையக் கிளைகளை இறக்கினாலும் தோப்புதான் வரும்.

நமக்கு ஒரு சின்னச் சங்கடம் உண்டு. நாம் மருதநிலத்து ஆட்கள். கண்ணெட்டும் தூரம் வரை வயல், வரப்பு, தூரத்தில் ஒரு வரிசைப் பனை என்று பார்த்துப் பழகியவர்கள். ஆகவே வரையத் தொடங்கும் முன் ஒரு நாள் கோடியக்கரைக்கோ முத்துப்பேட்டைக்கோ போய் வாருங்கள். கோடியக்கரைக் காட்டின் மரங்கள் ரொம்ப உயரமில்லை. ஆனால் கொடியும் முள்ளுமாகப் பின்னிக்கிடக்கும், நாலு அடிக்கு மேல் பார்வை நுழையாத இடங்கள் உண்டு. முத்துப்பேட்டையில் படகில் போனால் வாய்க்காலின் இரண்டு கரையிலிருந்தும் அலையாத்திக் கிளைகள் குனிந்து வந்து சேர்ந்துகொள்ளும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்கும் சுவாச வேர்களைப் பார்த்தால், மந்திரவாதியின் காட்டுக்கு வேறு எதையும் கற்பனை செய்ய வேண்டாம் என்று தோன்றிவிடும். செல்போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எவ்வளவு கறுப்பு, எவ்வளவு சாம்பல், வெளிச்சம் எவ்வளவு குறைவு என்று அப்போது தெரியும். புதிதாக செட் போடுகிறவர்கள் பச்சை பெயிண்ட் வாங்கத்தான் முதலில் ஓடுவார்கள். காட்டில் அதன் பங்கு நாம் நினைப்பதைவிடக் கம்மி.

கதை என்ன கேட்கிறது?

அளவெடுக்கும் முன் கதையைப் படியுங்கள். வசனத்துக்காக இல்லை, காடு எத்தனை முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் என்ன மனநிலையில் வருகிறது என்று பார்ப்பதற்காக. நமக்கெல்லாம் தெரிந்த மாதிரி ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். அரக்கனின் உயிர் ஒரு கிளிக்குள் இருக்கிறது. கிளி காட்டுக்கு நடுவே ஒரு மரப்பொந்தில் இருக்கிறது. சிறுமி ஒருத்தி அதைத் தேடிப் போகிறாள். முதல் முறை காடு வரவேற்கிறது. தோழிகளோடு ஆடிப் பாடிக்கொண்டு நுழைகிறாள். இரண்டாம் முறை வழி தப்புகிறது. மூன்றாம் முறை மரம் பேசுகிறது. கடைசியில் விடிகிறது. நான்குக்கும் நான்கு செட் போடப் பள்ளியில் பணமும் கிடையாது, மேடைக்குப் பின்னால் இடமும் கிடையாது. ஒரே காடுதான், ஆனால் நான்கு விதமாகத் தெரிய வேண்டும். இதில் பாதி வேலையை விளக்கு பார்த்துக்கொள்ளும். மீதிக்கு நகரக்கூடிய மரம் ஒன்றிரண்டு போதும்.

இசை நாடகம் என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. பன்னிரண்டு பிள்ளைகள் கும்மி கொட்டிச் சுற்றி வர வேண்டுமென்றால் நடுமேடை காலியாக இருக்க வேண்டும். நடன ஆசிரியையிடம் எத்தனை அடி வேண்டும் என்று கேட்டு, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டுக்குள் ஒரு புதர்கூட வரக்கூடாது. எனக்குத் தெரிந்து செட் போடுகிறவருக்கும் நடனம் சொல்லித்தருகிறவருக்கும் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தக் கோட்டை முதல் நாளே போடாததால் வருபவைதான். ஆர்மோனியம், தபேலா உட்காரும் இடத்தையும் அப்போதே குறித்துவிடுங்கள். வாசிப்பவருக்குப் பாடுகிற பிள்ளையின் முகம் தெரிய வேண்டும். நடுவில் மரத்தை நட்டுவிட்டால் தாளம் தப்பும்.

அடுக்கு

அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகளிடம் தர்பார், தெரு, நந்தவனம், காடு என்று எழுதிவைத்த படுதாக்கள் இருக்கும். காட்டுக் காட்சி வந்ததும் காட்டுப் படுதாவை இறக்குவார்கள், முடிந்தது. இன்றைக்கு அதே படுதாவை ஃபிளெக்ஸில் அச்சடித்துத் தொங்கவிடுகிறோம். அதில் ஒரு சிக்கல். நடிகர் அதை ஒட்டி நின்றால், அவர் நிழல் தூரத்து மலைமேலும் வானத்தின்மேலும் விழும். அந்த ஒரு நொடியில் காடு வெறும் துணியாகிவிடும்.

இதற்கு வழி, படத்தைத் துண்டாக்கிப் பல அடுக்காக நிறுத்துவது. இது புதிய தந்திரமும் இல்லை. இத்தாலியக் கட்டடக் கலைஞர் செபஸ்டியானோ செர்லியோ 1545இல் வெளியிட்ட நூலில் மேடைக்கான மூன்று காட்சிகளை விவரித்தார். இரண்டு நகரத் தெருக்கள், மூன்றாவது மரமும் குடிசையுமான காட்டுப்புறம். மூன்றுமே முன்னாலிருந்து பின்னால் சுருங்கிக்கொண்டே போவதாக அமைந்தவை.

உங்கள் மேடை 30 அடி அகலம், 18 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். முகப்பை ஒட்டி இரண்டு பக்கமும் தடித்த அடிமரங்கள், ஏறக்குறைய கறுப்பு. ஐந்து அடி உள்ளே தள்ளி இன்னொரு ஜோடி, மேடையின் நடுவை நோக்கிக் கொஞ்சம் நெருங்கியபடி. பன்னிரண்டு அடியில், நடுவில் ஓட்டை விட்டு வெட்டிய ஒரு துணி: மரங்களும் கிளைகளும் சேர்ந்த சல்லடை மாதிரி. அதற்கும் பின்னால் மூன்று அடி விட்டு, வெளிறிய வானத் திரை. அந்த மூன்று அடியை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். திரைக்கு வெளிச்சம் கொடுக்கும் விளக்குகள் அங்கேதான் நிற்கும். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும் பிள்ளைகளுக்குத் திரைக்குப் பின்னால் மிஞ்சும் மூன்று அடிதான் வழி.

நிறத்துக்கு எளிய முறை ஒன்று இருக்கிறது. தூரத்தில் இருப்பது வெளிறியும் நீலம் கலந்தும் தெரியும். ஆகவே வெளிர் நீலச் சாம்பலில் ஒரு வாளி டிஸ்டம்பர் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். முன் அடுக்கின் வண்ணத்தில் அதைச் சேர்க்க வேண்டாம். இரண்டாவது அடுக்குக்கு ஒரு குவளை, மூன்றாவதுக்கு மூன்று குவளை என்று கூட்டிக்கொண்டே போங்கள். முன்னால் பட்டைச் சொரசொரப்பு வரை வரையலாம், பின்னால் போகப் போக வெறும் நிழலுருவம் போதும். இலையை ஒவ்வொன்றாக எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் இருட்டு, மேலே நடுத்தர நிறம், கடைசியாக ஆங்காங்கே வெளிச்சம். சுண்ணாம்பு அடிக்கிற மட்டையையோ தேங்காய் நாரையோ வண்ணத்தில் தோய்த்துக் குத்தினால், இருபது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது இலைக்கூட்டம். ஆளுயரத் தூரத்தில் நின்று பார்த்துத் திருப்திப்படாமல், அடிக்கடி அரங்கின் கடைசி வரிசைக்குப் போய்ப் பாருங்கள்.

வெட்டிய துணியில் ஒரு நுணுக்கம். காடாத் துணியில் ஓட்டை போட்டதும் கிளைகளின் நுனி துவண்டு தொங்கிவிடும். அதனால் முழுத் துணியாக இருக்கும்போதே வண்ணம் அடித்து, காய்ந்ததும் வெட்டி, முகம் கீழாக விரித்து, பின்புறம் வலையைப் பரப்பி, வெட்டின ஓரங்களில் மட்டும் ஃபெவிகால் வைத்து ஒட்ட வேண்டும். வலைக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கழித்துப் போடும் மெல்லிய மீன்வலை போதும். பத்தடி தள்ளிப் பார்த்தால் வலையே தெரியாது, கிளை அந்தரத்தில் நிற்கும்.

இதையெல்லாம் அட்டையில் சின்னதாகச் செய்து பார்த்துவிட்டுத் துணியை வெட்டுங்கள். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று வைத்தால் மேடை முழுக்க ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

அப்புறம் பார்வைக் கோடு. முதல் வரிசையில் இரண்டு ஓரத்திலும் உட்காருங்கள். மேடையின் ஓரங்களை மறைக்க நிறுத்தும் பக்கத் தட்டிக்குப் பின்னால் காத்திருக்கும் பிள்ளையின் சட்டை தெரிகிறதா? தெரிந்தால் தட்டியை நகர்த்துங்கள். நம் பள்ளிகளில் பிள்ளைகள் தரையில் ஜமக்காளம் விரித்து உட்காருவார்கள், மேடை மூன்று நான்கு அடி உயரம். கீழிருந்து பார்க்கும் அவர்களுக்கு மேடைத் தரை தெரியவே தெரியாது. முகப்பில் ஓர் அடிப் புதர் வைத்தால்கூட ஆடுகிறவர்களின் கால் மறைந்துவிடும். சலங்கை கட்டி ஆடும் பாட்டுக்கு அது பெரிய நஷ்டம். கீழே வைக்க நினைத்த அலங்காரத்தை மேலே கொண்டுபோங்கள்.

தலையில்லாத மரம், தேரிலிருந்து வந்த உடம்பு

மேடை மரத்துக்கு உச்சி தேவையில்லை. மேலே குறுக்காகத் தொங்கும் ஜாலர்த் துணிக்குள் அடிமரம் போய் மறைந்துவிட்டால், அது எவ்வளவு உயரம் என்பதைப் பார்க்கிறவர் மனது தீர்மானித்துக்கொள்ளும். ஒன்பது அடி மரமும் அறுபது அடி மரமும் அங்கே ஒன்றுதான். ஜாலரின் கீழ் ஓரத்தை நேர்கோடாக விடாமல் கிளையும் கொடியுமாக வெட்டிவிட்டால் போதும்.

அடிமரத்தை எதில் செய்வது? பிளைவுட் என்பார்கள். கனம், விலை, தட்டையாகவும் தெரியும். தெர்மாகோல் என்பார்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். எனக்குப் பிடித்தது நம் ஊர்த் தேர் வேலை. திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காரத்தோடு 96 அடி. அதில் மரத்தேர் மட்டும் 30 அடி. மேலே எழும்புவது பெரும்பாலும் மூங்கிலும் தேர்ச்சீலையும். கொஞ்சம் கனத்தில் பெரிய உயரத்தை எழுப்பும் வித்தை இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பையைக் கவனித்திருப்பீர்கள். உருளையாகத் தைத்த துணி, காற்றில் ஆடும். மேடை மரத்துக்கு அந்தத் தொம்பைதான் உடம்பு.

செய்முறை இதுதான். மூங்கில் பிளாச்சை வளைத்தோ 6 மில்லிமீட்டர் கம்பியிலோ மூன்று வளையம்: மேலே 15 அங்குல விட்டம், நடுவே 18, அடியில் 24. அடி வளையத்தின் சுற்றளவு ஏறக்குறைய 75 அங்குலம் வரும், துணியை அதற்கு மேல் ஒரு ஜாண் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். கோயில் தொம்பை நறுவிசாக, நேராக இருக்கும். மரம் அப்படி இருந்தால் தூணாகிவிடும். ஆகவே நடு வளையத்தை ஒரு பக்கம் தள்ளி, சாய்வாகக் கட்டுங்கள். துணியை மைதாப் பசையும் டிஸ்டம்பரும் கலந்த கூழில் நனைத்து, கையால் நீளவாக்கில் சுருக்கிச் சுருக்கி விட்டுக் காயவைத்தால் பட்டை தானாக வரும். சில இடங்களில் பழைய சாக்கைக் கிழித்து ஒட்டினால் இன்னும் நம்பும்படி இருக்கும். பசையில் பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் வாளியில் போடாதீர்கள்.

கூழில் நனைக்காமல், வண்ணம் மட்டும் மெல்லிசாக அடித்துத் துணியை இளக்கமாகவே விட்டால், அதே மரத்தை மடக்கவும் முடியும். மேல் வளையத்தில் மூன்று கயிறு கட்டி, மேலே கப்பி வழியாக ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். கயிற்றை விட்டால் மரம் தரையில் ஒரு வட்டமாகக் கிடக்கும், துணியில் வெட்டிய இலைகளைத் தூவிவிட்டால் யாருக்கும் தெரியாது. பாட்டு ஏற ஏறக் கயிற்றை மெதுவாக இழுத்தால் தரையிலிருந்து மரம் முளைத்து எழும். வளையத்துக்குள் ஒரு பிள்ளை நின்றிருந்தால், எல்லோர் கண் முன்னாலும் ஆள் மரமாகிவிடுவான். வள்ளி கதையில் நம்பிராசன் வருவதைப் பார்த்து முருகன் வேங்கை மரமாக நிற்கும் இடத்துக்கு இதைவிடத் தோதான உத்தி எனக்குத் தெரியவில்லை. இழுப்பவர் பெரியவராக இருக்கட்டும். கயிறும் கப்பியும் மரத்தின் கனத்தைப் போலப் பல மடங்கு தாங்கட்டும்.

தரையில் நிற்கும் மரங்களுக்கு முட்டு முக்கியம். எட்டடி உயரத்துக்கு மூன்றடி அகல அடித்தட்டாவது வேண்டும், அதன்மேல் மணல் மூட்டை. காவிரி மணல் இருக்கிற நிலைமையில் எம்.சாண்ட் போதும், யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. சக்கரம் வைத்த மரமென்றால் பிரேக் உள்ள சக்கரம் வாங்குங்கள், ரப்பர் சக்கரமாகப் பாருங்கள். பலகை மேடையில் இரும்புச் சக்கரம் கடகடவென்று உருள்கிற சத்தம், தாலாட்டுப் பாட்டின் நடுவே மைக்கில் கேட்கும்.

தீ

இதை எழுதாமல் டெல்டாவில் மேடை செட்டைப் பற்றி எழுத முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். காய்ந்த கீற்று எவ்வளவு வேகமாகப் பற்றும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுவடை முடிந்த தை, மாசியில் ஆண்டு விழா வரும். வைக்கோலும் சருகும் கேட்டதும் கிடைக்கும். ஆனாலும் குடிசைக் கூரைக்கு வைக்கோல், மரத்துக்குக் காய்ந்த கீற்று என்று மேடையில் குவிக்காதீர்கள். கூரையைக் கோணியில் வரைந்தால் போதும். தெர்மாகோல் உருகிச் சொட்டி எரியும், புகையும் மோசம். பிள்ளைகள் நிற்கும் மேடையில் பெரிய அளவில் அது வேண்டாம் என்பது என் கட்சி.

பருத்தித் துணி, சாக்கு, காகிதம் ஆகியவற்றுக்குத் தீ பற்றுவதைத் தாமதப்படுத்தும் கரைசல் ஒன்று உண்டு. 10 லிட்டர் வெந்நீரில் சுமார் 670 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 300 கிராம் போரிக் அமிலம். கையுறை போட்டுக்கொண்டு, வண்ணம் அடிக்கும் முன் துணியை நன்றாக நனைத்துக் காயவையுங்கள். பிறகு ஒரு துண்டைத் திறந்தவெளியில் எடுத்துப்போய்க் கொளுத்திப் பாருங்கள்: தீக்குச்சியை எடுத்ததும் அணைந்துவிட்டால் சரி. இது தீயே பிடிக்காத துணியாக்கிவிடாது. நனைந்தால் மருந்து கரைந்து போகும். நைலான் வலைக்கும் கொசுவலைக்கும் இது வேலை செய்யாது, அவற்றை விளக்கிலிருந்து தள்ளியே வையுங்கள். மேடையின் இரண்டு பக்கமும் தீயணைப்பான், வெளியேறும் வழியில் ஒரு பொருளும் இல்லாமை, தீ எரியும் விளக்கோ தீப்பந்தமோ இல்லாமை: இவற்றில் பேரம் கிடையாது.

விளக்கு

முன்னாலிருந்து மட்டும் வெளிச்சம் அடித்தால் இத்தனை நாள் கட்டிய அடுக்கெல்லாம் ஒரே சுவராகிவிடும். தட்டிகளுக்கு நடுவே, நெஞ்சுயரத்தில், பக்கவாட்டிலிருந்து விளக்கு வையுங்கள். மரத்தின் ஒரு பக்கம் ஒளிரும், மறுபக்கம் இருளும். துணி உருண்டு மரமாவது அப்போதுதான். முகத்துக்கு மட்டும் முன்பக்கம் மேலிருந்து சாய்வாகக் கொஞ்சம் போதும்.

இலை நிழலுக்கு ஓர் எளிய வழி: எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்கு முன்னால் இரண்டு மூன்று அடி தள்ளி, ஒரு வேப்பங்கிளையைக் கட்டித் தொங்கவிடுங்கள். தரையெல்லாம் புள்ளிப் புள்ளியாக வெயில் விழும். பழைய ஹாலஜன் விளக்கின் முன்னால் இதைச் செய்யாதீர்கள், அதன் சூட்டில் இலை கருகும்.

காடு என்றால் பச்சை விளக்கு என்று வாடகைக்கு விளக்கு கொண்டுவருபவர் சொல்வார். பச்சை வெளிச்சத்தில் முகம் நோயாளி மாதிரி ஆகும், சிவப்புப் பாவாடை கறுப்பாகத் தெரியும். காலைக்கு மஞ்சள் கலந்த வெளிச்சம், இரவுக்கு நீலம், பச்சையைப் பேய் வரும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தவிர, அந்த விளக்குகளைத் தானாக நிறம் மாறும் ஆட்டோ மோடில் விடவில்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சிறுமி வழி தப்பி அழும்போது காடு டிஸ்கோ ஆடினால் தாங்காது.

பொந்துக்குள் கிளி திடீரென்று தெரிய வேண்டுமா? மரத்தில் ஓட்டை விட்டு, அதை வண்ணம் தோய்த்த கருங்கொசுவலையால் மூடுங்கள். வெளிச்சம் வெளியிலிருந்து பக்கவாட்டில் படும்வரை அது பட்டை. உள்ளே ஒரு சின்ன விளக்கைப் போட்டு, வெளியே குறைத்தால் வலை காணாமல் போய்க் கிளி மட்டும் தெரியும். உள்ளே இருட்டு முழுசாக இருக்க வேண்டும், கொஞ்சம் வெளிச்சம் கசிந்தாலும் குட்டு உடைந்துவிடும்.

புகை இயந்திரம் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாடுகிற பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டும். உலர் பனிக்கட்டி இன்னும் ஆபத்து. அதிலிருந்து வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, மேடை விளிம்பில் வழிந்து நேராகத் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளிடம்தான் போகும்.

நாள் கணக்கு

ஐப்பசி, கார்த்திகையில் வண்ணம் அடிக்கத் திட்டமிடாதீர்கள். மழைக்காலத்தில் டிஸ்டம்பர் காயாது, பசை பூஞ்சை பிடிக்கும், பிளைவுட் உப்பும். விழா தையில் என்றால் அட்டை மாதிரியை மழையில் செய்துவிட்டு, மார்கழி வெயிலில் துணி வேலையை முடியுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே மரங்கள் மேடைக்கு வந்துவிட வேண்டும். காட்டில் ஒரு தடவையும் நடக்காத பிள்ளைகள் விழா அன்று கட்டாயம் எதிலாவது இடித்துக்கொள்வார்கள். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஒரு முறை எல்லோரையும் நுழைந்து வெளியேறச் சொல்லுங்கள். இடிக்கிற ஓரங்களில் வெள்ளை டேப், தரையில் மரம் நிற்கும் இடத்துக்கு ஒரு குறி.

விழா முடிந்ததும் துணிகளை மடிக்காமல் ஒரு மூங்கிலில் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பில் வண்ணம் உதிரும். பசை வைத்த துணியை எலி விடாது. பரணில் போடாமல் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டுவிடுங்கள்.